வெள்ளை அட்டைக்குக் கீழே

இன்று காலை சன்னிவேலில், என் சமையலறையில், வினிகர் பாட்டில் கை தவறி விழுந்து உடைந்தது. துடைக்கத் துணி எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அப்போது நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் நாம் மூன்று பேர் இருந்த வீட்டின் பாத்ரூமில் எப்போதும் இந்த நெடிதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கதவிடுக்கில் டவலைச் செருகி, சிவப்பு பல்பைப் போட்டு, குளியல் தொட்டியின் மேல் பலகை வைத்து, வினிகர் நெடியடிக்கும் அமிலத்தில் நீ ஃபோட்டோ கழுவுவாய். ரூம்மேட் வெளியிலிருந்து கதவைத் தட்டுவான்.

"டேய், நான் இன்னிக்காவது குளிக்கணும்டா."

"நாத்தம் பழகிட்டுல்லா. இன்னும் ஒரு மணி நேரம் தாங்கமாட்டியா?" என்பாய் உள்ளேயிருந்து.

வாரநாட்களில் எங்களைப் போல நீயும் கம்ப்யூட்டர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தாய். ஆனால் டிசம்பரில் நீ ஊருக்குப் போவாய். அதனால்தான் நீ எல்லாருக்கும் வேண்டியவன் ஆனாய். க்ரீன் கார்டு கைக்கு வரும்வரை நாட்டைவிட்டு நகரப் பயந்த குடும்பங்கள் உன்னிடம் விலாசம் கொடுத்தனுப்பும். வீட்டைப் படம் எடுத்து வா, அப்பா அம்மாவை எடுத்து வா, வயலை எடுத்து வா. அவர்கள் மனசில் வைத்திருந்ததை நீ எடுத்து வரவில்லை. அங்கே என்ன இருந்ததோ அதை எடுத்து வந்தாய். ஓர் ஆன்ட்டி தன் அப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கொஞ்சம் சிரிக்கச் சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள்.

"சொன்னேன் ஆன்ட்டி. எதுக்குன்னு கேட்டாரு."

"எந்த ஊர் தம்பி?" என்று யாராவது உன்னைக் கேட்டால் "திருநெல்வேலி பக்கம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாய். நம் ஆட்கள் அங்கே நிறுத்தமாட்டார்கள். எந்தக் கிராமம், அதில் எந்தத் தெரு என்று தோண்டுவார்கள். விசாவுக்கு நாயாய் அலைந்து, கடல் தாண்டி வந்து, ஃப்ரீவேயில் கார் ஓட்டப் பழகியும், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனின் தெரு தெரியாமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். நீ பேச்சை மாற்றிவிடுவாய்.

அதனால்தான் பக்கத்தில் வெஸ்ட் வின்ட்சரில் இருந்த அங்கிளுக்கும் நீ எந்தத் தெரு என்று தெரியவில்லை. டாக்டர். புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். ஹாலில் மாட்டத் தன் பரம்பரை வயல் பெரிய படமாக வேண்டும் என்றார். அவர் தந்த விலாசத்தைப் படித்துவிட்டு நீ வெகுநேரம் சிரித்தாய். உன் ஊர். உன் அம்மா கல்யாணமாகி வந்த நாள் முதல் கூலிக்கு நாற்று நட்ட வயல்.

திரும்பி வந்து அந்தப் படத்தை நீ கழுவியபோது நான் பக்கத்தில் இருந்தேன். வெள்ளைத் தாளில் முதலில் மலை வந்தது. பிறகு தண்ணீர் நின்ற வயல். கடைசியாக, அடியில், வரிசையாகக் குனிந்த பெண்கள். மூன்றாவது பெண் மட்டும் நிமிர்ந்து, கையில் நாற்றோடு, நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா," என்றாய். "வாரேன்னு வீட்ல சொல்லல. பஸ்ஸ விட்டு எறங்கி நேரா வயலுக்குப் போனேன். நிமிந்து பாத்து, 'எப்பய்யா வந்த?'ன்னு கேட்டா. அப்ப அமுக்கினது."

கிரகப்பிரவேசத்துக்கு நாம் சேர்ந்தே போனோம். கணபதி ஹோமப் புகையில் ஸ்மோக் அலாரம் கத்தி, ஆண்கள் ஏணி தேடி ஓடிக்கொண்டிருந்தார்கள். கணப்பு அடுப்புக்கு மேலே உன் படம். மலை இருந்தது, வயல் இருந்தது. பெண்கள் இல்லை. கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே வைக்கும் வெள்ளை அட்டையை அங்கிள் அடியில் மட்டும் அகலமாக வெட்டச் சொல்லியிருந்தார்.

"எப்படி இருக்கு தம்பி? ஆளுங்க இருந்தா கண்ண உறுத்துது. இப்ப லேண்ட் மட்டும் க்ளீனா தெரியுதுல்ல?"

"அங்கிள், அதுல மூணாவதா நிக்கது எங்கம்மா."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது. "அப்ப நீ... அந்தத் தெருவா?"

உனக்கு இந்தியாவில் ஒரு டிகிரி, இங்கே ஒரு டிகிரி. அந்த ஹாலில் உன்னளவு நேராகப் பார்க்கத் தெரிந்தவன் எவனுமில்லை. அவர் கேட்டது தெரு. அவருடைய சின்ன மகள் ஓடி வந்து, "டாட், ஹூ இஸ் அண்டர் தேர்?" என்றாள்.

"நோபடி, கண்ணா. போய் விளையாடு."

திரும்பி வரும்போது வண்டியை ஓரங்கட்டச் சொல்லிக் கத்தினேன். போய் அந்த அட்டையைக் கிழித்துப் போடலாம் என்றேன்.

"வுடுல. உள்ளதான இருக்கா. எங்கம்மாவுக்கு வெளிய நின்னு பழக்கம்தான்," என்றாய்.

யாரும் உன்னை எதுவும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமலே செய்வதில் நம்மவர்கள் கெட்டிக்காரர்கள். அடுத்த டிசம்பரில் ஒருவரும் விலாசம் தரவில்லை. பொங்கல் விழாவில் உன் படங்களை மாட்டுவதாக இருந்த சுவரில் 'இடமில்லை' என்றார்கள். நீ கேமராவைத் தூக்கிக்கொண்டு தெற்கு ஜெர்சிப் பண்ணைகளுக்குப் போனாய். மெக்சிகோவிலிருந்து வந்து பழம் பறிக்கிறவர்களை எடுத்தாய். "எல்லா ஊர்லயும் ஒரே குனிவுதாம்ல," என்றாய். அங்கிருந்து திரும்பும் வழியில்தான், மழையில், ஒரு லாரி உன் கார்மேல் ஏறியது.

இரங்கல் கூட்டத்துக்கு அங்கிள் வந்தார். கையில் அந்தப் படம், சட்டத்தோடு. மேஜையில் சாய்த்து வைத்து மாலை போட்டார். மைக் பிடித்து, "எங்க ஊர்ப் பையன். எங்க மண்ண எவ்வளவு அழகா எடுத்திருக்கான் பாருங்க," என்றார். உயிரோடு இருந்தவரை அந்தத் தெரு. செத்த பிறகு எங்க ஊர்.

நான் எழுந்து போனேன். மாலையைக் கழற்றி, படத்தைக் கவிழ்த்து, பின்னால் இருந்த ஆணிகளைக் கார்ச் சாவியால் நெம்பினேன்.

"என்னப்பா பண்ற? எல்லாரும் பாக்கறாங்க," என்றார்.

"பாக்கட்டும் அங்கிள். பிள்ளை சாவுக்கு அம்மா வந்திருக்காங்க. எவ்வளவு நேரம் உள்ளயே நிக்க வைப்பீங்க?"

அட்டையை உருவிப் போட்டேன். பிடிமானம் போன படம் சட்டத்துக்குள் சறுக்கிக் கோணலாக நின்றது. கூட்டத்தில் யாரோ இருமினார்கள். அங்கிளின் சின்ன மகள் மட்டும் எழுந்து மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்று, உன் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கிள் படத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை.

அது இப்போது என் சுவரில், அதே கோணலோடு. வீட்டுக்கு வருகிற சாஃப்ட்வேர்க்காரர்கள், "யாரோட லேண்ட் பாஸ் இது? உங்களுதா?" என்று கேட்கிறார்கள். மூன்றாவது பெண்மேல் விரல் வைத்து "இவங்களுது" என்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள். சிலர், "நீங்க எந்த ஊர்?" என்று ஆரம்பிக்கிறார்கள்.

நீ கேமரா பிடித்து நின்ற இடத்தில்தான் அந்தப் படத்தின் முன் வரும் எவனும் நிற்க வேண்டியிருக்கிறது. அங்கிளும் அங்கேதான் நின்றார். இன்று காலை, கையில் வினிகர் நாறும் துணியோடு நானும் அங்கே போய் நின்றேன். உன் அம்மா நாற்றும் கையுமாக நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள்.

"எப்பய்யா வந்த?"