ஜெனோவாவின் நன்மைப் பாட்டு

மிக்கேலூர், பென்னாகரம் வழி
22 ஏப்ரல் 2024

அன்பு மகன் பெலவேந்திரனுக்கு அம்மா எழுதுவது. சேசுவுக்குத் தோத்திரம். இங்கே நானும் கோழிகளும் சுகம். பெங்களூரில் நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

போன் இருக்க அம்மா எதற்குக் காகிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் உன் தங்கச்சி பேரை எடுத்தாலே நீ அழுதுவிடுகிறாய். அப்புறம் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைத் தேற்றிக்கொண்டு இருக்கிறேன். காகிதத்தில் முழுசாகச் சொல்லலாம். அழுவதானால் படித்து முடித்துவிட்டு அழு.

ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கச் சாமியார் பீடத்தை விட்டு இறங்கினார். நாங்கள் பொம்பளைகள் பாட வாயைத் திறக்கிறோம், தூணில் மாட்டியிருந்த புது ஸ்பீக்கர் பெட்டிக்குள் இருந்து ஜெனோவா பாடுகிறாள். பின்னால் வயலின், புல்லாங்குழல், என்னென்னவோ. போன நவம்பரில் தொப்பூர் ரோட்டில் லாரிக்குக் கொடுத்து, நாம் மண் போட்டுவிட்டு வந்த பிள்ளை. பக்கத்தில் நின்ற கண்ணம்மாளைப் பிடித்துக்கொண்டேன். பூசை முடிந்து சாமியார் மைக்கில் சொன்னார், தங்கை நினைவாக அண்ணன் கொடுத்த பெட்டி, அவரே பெங்களூரில் தயார் செய்த பாட்டு என்று. எல்லாரும் கை தட்டினார்கள்.

அன்றைக்கு எனக்கும் இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதில் இருந்து வாரா வாரம் அதுதான். நாங்கள் யாரும் பாடுவதில்லை. சேர்ந்து பாடிப் பார்த்தோம், முடியவில்லை. ஜெனோவா முன்னால் நின்று எங்களை நடத்தும்போது வரிக்கு நடுவில் மூச்சு எடுப்பாளே, அப்போதுதான் நாங்களும் எடுப்போம். பெட்டியில் இருக்கிறவள் மூச்சே எடுப்பதில்லை. வரிமேல் வரியாக ஓடுகிறாள். சசிகலா ரெண்டாம் வரியிலேயே நின்றுவிட்டு, "அக்கா, இவ கூட ஓட என்னால ஆவாது" என்றாள்.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. நன்மை வாங்குகிற வரிசை முடிந்ததும் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் சவுரியப்பன் சுவிட்சை அமத்திவிடுகிறார். பாட்டு எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில். நேற்று "என் பசி" என்று எடுத்தாள், அதோடு சரி. "ஏங்க உபதேசியாரே, வரியையாவது முடிக்க வுடக்கூடாதா?" என்று கேட்டேன். "சாமியார் எழுந்துட்டாரும்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார். உயிரோடு இருக்கும்போது அவள் வரிசையைப் பார்த்துக்கொண்டே பாடுவாள். ஆள் நிறைய இருந்தால் இன்னொரு சரணம். யாராவது கோல் ஊன்றி மெதுவாக வந்தால் அவர்களுக்காகக் கடைசி வரியைத் திரும்ப எடுப்பாள்.

என் பிள்ளை வாயை ஒவ்வொரு ஞாயிறும் ஒருத்தர் அடைக்கிறதை நான் முட்டி போட்டுப் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. கொடுத்தவன் நீ. நீ சொன்னால் சாமியார் கேட்பார். நிறுத்தச் சொல்.

உன் அம்மா,
மதலைமேரி


பெங்களூர்
1 மே 2024

அம்மாவுக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அதனால் பேனாவை எடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடம் விட்டபிறகு இவ்வளவு தமிழ் எழுதுவது இப்போதுதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. அந்தப் பாட்டு எப்படிக் கிடைத்தது தெரியுமா? உங்கள் வாட்ஸாப் குரூப்புக்கு அவள் அடுப்படியில் நின்று பாடி அனுப்பினாளே, அதுதான். அதில் குக்கர் விசில் இருந்தது, சேவல் இருந்தது, நீ தக்காளி கேட்கிற சத்தம் இருந்தது. ஷிப்ட் முடிந்து தினமும் என் சிநேகிதன் மாதவராஜின் ஸ்டுடியோவில் உட்கார்ந்து அதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்தோம். மூச்சுச் சத்தத்தையும் எடுத்தோம். அது இருந்தால் கத்துக்குட்டி வேலையாகத் தெரியும் என்றான் அவன்.

உண்மையைச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் பாடுவது நன்றாக இல்லை அம்மா. கண்ணம்மா அத்தை எப்போதும் ஒரு வரி முன்னால் போய்விடுவார். தர்மபுரியில் இருந்து கல்யாணப் பூசைக்கு வந்தவர்கள் கைக்குட்டையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள், நான் பார்த்தேன். ஜெனோவாவே என்னிடம் சொல்லியிருக்கிறாள், "அண்ணா, சந்தையில ஆட்ட அவுத்து வுட்ட மாதிரி இருக்குது" என்று. கடவுளுக்கு நல்லதைத்தானே கொடுக்க வேண்டும்?

அந்தோணியார் திருநாளுக்கு அவள் அனுப்பிய மற்றப் பாட்டுகளையும் சேர்த்து வெளியிடலாம் என்று சாமியார் சொல்லிவிட்டார். ஜூன் 16, ஞாயிறு. சேலத்தில் இருந்து ஒரு பெரிய சாமியார் வருகிறார்.

அவள் குரல் ஊரில் இன்னும் கேட்கிறது என்ற நினைப்பில்தான் நான் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன். அதைப் பிடுங்காதே.

அன்புடன்,
பெலவேந்திரன்


மிக்கேலூர்
12 மே 2024

அன்பு மகனுக்கு,

ஆடு கத்துகிற மாதிரி இருக்கிறது என்று உன்னிடம் மட்டும் சொல்லவில்லை. எங்கள் முகத்துக்கு நேராகவே சொல்லுவாள். கண்ணம்மாளைப் பார்த்து, "அத்தே, பஸ்ஸு இன்னும் கெளம்பல, நீ எறங்கிட்டியே" என்பாள். கண்ணம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பாள். என்னைப் பார்த்து, "அம்மா, கடைசி வரியில நீ கீழ வுழுந்துடுற, என்னய புடிச்சிக்கிட்டே வா" என்பாள். திட்டிவிட்டு அடுத்த சனிக்கிழமை மறுபடியும் வந்து நிற்பாள். எங்களைத் திட்டினாளே தவிர, துரத்தவில்லை.

அந்தப் பாட்டை அவள் குரூப்பில் எதற்கு அனுப்பினாள்? கேட்டுக் கற்றுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாங்க என்று அனுப்பினாள். கையைக் கட்டிக்கொண்டு கேளுங்கள் என்று அனுப்பவில்லை.

கடவுளுக்கு நல்லதைக் கொடுக்க வேண்டும் என்கிறாய். கண்ணம்மாள் வாரம் பூராவும் அடுத்தவன் காட்டில் களை வெட்டுகிறாள். அவள் வாயைத் திறந்து சாமியிடம் பேசுவது அந்த ஒரு பாட்டில்தான். அது கோணலாக இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது அவளுடையது. உயிரோடு இருக்கிற நாங்கள் சும்மா நின்றுகொண்டு செத்தவளை வேலை வாங்குகிறோம். இது அடுக்குமா?

நானே சாமியாரிடம் போனேன். "ஏம்மா, பொண்ணு குரல வாரா வாரம் கேக்கறது எத்தன தாய்க்குக் கெடைக்கும்?" என்றார்.

"சாமி, உங்க அம்மா செத்தா, அவங்க பேசுனத பெட்டியில போட்டு வுட்டுட்டு, பிரசங்கம் பண்ணாம உக்காந்துக்குவீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுண்டிப்போனது. பாவம், சின்ன வயசு. "கொடுத்தவரு சொல்லட்டும், எடுத்துடறேன்" என்றார். ஆக, எல்லாம் உன் கையில் இருக்கிறது.

திருநாளுக்கு அதைப் போட்டால் நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். முன்கூட்டியே சொல்லிவிட்டேன். அப்புறம் அம்மா இப்படிச் செய்துவிட்டாளே என்று சொல்லாதே.

உன் அம்மா,
மதலைமேரி


பெங்களூர்
3 ஜூன் 2024

அம்மாவுக்கு,

அவள் படம் போட்டு ஃபிளெக்ஸ் அடித்தாகிவிட்டது. இனி நிறுத்த முடியாது. நிறுத்த எனக்கு மனசும் இல்லை.

நீ சொன்னதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். பாதியில் அமத்தியது தப்பு. திருநாள் அன்று பெட்டிக்குப் பக்கத்தில் நானே நிற்பேன். வரி அறுபடாமல் பார்த்துக்கொள்வேன். தங்கச்சிக்கு நான் செய்ய முடிகிறது இது ஒன்றுதான்.

நீ முன்னால் வந்து உட்கார். வேறொன்றும் கேட்கவில்லை.

பெலவேந்திரன்


மிக்கேலூர்
19 ஜூன் 2024

அன்பு மகன் பெலவேந்திரனுக்கு அம்மா எழுதுவது.

வீட்டுக்கு வராமலே பஸ் ஏறிவிட்டாய். உனக்கென்று அடித்த கோழியைச் சசிகலா வீட்டுப் பிள்ளைகள் சாப்பிட்டார்கள். மன்னிப்புக் கேட்க இந்தக் கடிதம் எழுதவில்லை. நீ பெட்டிப் பக்கம் நின்றாய். நான் இந்தப் பக்கம் நின்றேன். இந்தப் பக்கத்தில் நடந்தது உனக்குத் தெரியாது. அதைச் சொல்ல எழுதுகிறேன்.

நீ கேட்ட மாதிரி முன்னால்தான் உட்கார்ந்தேன். பாட்டு ஆரம்பித்ததும் எழுந்தேன். சண்டை போட எழுந்திருக்கவில்லை. எனக்கு வருகிற குரலில் முதல் வரியை எடுத்தேன். ஒரு பக்கம் பெட்டி, ஒரு பக்கம் நான். ரெண்டும் ஒட்டவே இல்லை, காதுக்கு நாராசமாகத்தான் இருந்தது. சேலத்துச் சாமியார் நன்மைக் கிண்ணத்தோடு திரும்பிப் பார்த்தார். கண்ணம்மாள் வழக்கம்போல ஒரு வரி முன்னால் போய்ச் சேர்ந்துகொண்டாள். பின்னால் சசிகலா.

அப்போது நீ என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே சத்தத்தை ஏற்றினாய்.

பெத்தவளுக்கு அது எப்படி இருக்கும் என்று நான் எழுத மாட்டேன். நானும் ஏற்றினேன். தொண்டை கிழிந்தாலும் பரவாயில்லை என்று ஏற்றினேன். நன்மை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் இடத்தில் போய் உட்காராமல் நின்று பாடினார்கள். ஆம்பளைகள் பக்கம் காளைமாடு மாதிரி ஒரு குரல் கிளம்பியது. பார்த்தால் நம் உபதேசியார். அந்த ஆளுக்குப் பாட வரும் என்று எனக்கு அன்றுவரைக்கும் தெரியாது. உண்மையில் வரவும் இல்லை. ஆனாலும் பாடினார்.

எப்போது பெட்டி நின்றது என்று எங்களுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன், நீ இல்லை. நீயே அமத்திவிட்டுப் போனாய் என்று சவுரியப்பன் சொன்னார். சரணம் முடியும்வரை காத்திருந்து அமத்தினாய் என்றும் சொன்னார். அது என் பிள்ளை.

திங்கட்கிழமை சாமியார் கூப்பிட்டு அனுப்பினார். "பூசையில கலகம் பண்ணிட்டீங்க. எல்லாரு முன்னாலயும் மன்னிப்புக் கேட்டாத்தான் பாடகர் குழுவுல உங்க பேரு இருக்கும்" என்றார்.

"பேர எடுத்துடுங்க சாமி. பெஞ்சுல உக்காந்து பாடறதுக்கு யாருகிட்டயும் பேரு குடுக்க வேண்டியதில்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன், அப்புறம் திரும்பிப் போய்த் தோத்திரம் சொல்லிவிட்டு வந்தேன். மரியாதை வேறு, இது வேறு.

இனி உனக்கு ஒன்று சொல்கிறேன். எல்லாரும் உன்னிடம் ஜெனோவா சாமிகிட்ட போய்விட்டாள், நம்மோடுதான் இருக்கிறாள் என்றே சொன்னோம். நானும் அப்படித்தான் சொன்னேன். அதை நம்பி நீ அவளைக் கோயிலில் பிடித்து வைக்கப் பார்த்தாய். அவள் செத்துவிட்டாள், பெலவேந்திரா. இனிமேல் பாட மாட்டாள். நான் இதை இன்றைக்குத்தான் எழுதிப் பார்க்கிறேன். எழுதின பிறகும் கை இருக்கிறது, அடுப்பில் சோறு கொதிக்கிறது. நீயும் சொல்லிப் பார்.

இந்தச் சனிக்கிழமை புதுப் பாட்டு ஒன்று எடுக்கிறோம். சசிகலா கம்பைநல்லூரில் அவள் அம்மா வீட்டுக்குப் போனபோது அங்கே கேட்டுக்கொண்டு வந்தது. ஜெனோவாவுக்குத் தெரியாத பாட்டு. ரெண்டு சரணமும் இன்னும் எங்களுக்குச் சரியாக வரவில்லை. ஆம்பளைகள் பக்கம் உபதேசியார் ஒருத்தரை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, ஆள் வேண்டும்.

கோபம் தீர்ந்தால் வா. தீராவிட்டாலும் வா. கோபத்தோடு பாடினால் குரல் நன்றாகத்தான் வருகிறது. எனக்கு வந்தது.

உன் அம்மா,
மதலைமேரி