குதி என்றேன்

ஜூன் 15, ஞாயிறு இரவு



பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஹேவாஹெட்டப் பக்கம் ஆற்றுக்குக் கூட்டிப்போயிருந்தோம். பாறையிலிருந்து குதிக்க எல்லோருக்கும் பயம். ஷர்மிளா மட்டும் விளிம்புவரை வந்து நின்றாள். "ஒன்னும் ஆகாது, குதி" என்றேன். குதித்தாள். மூழ்கி எழுந்தவளை, கீழே தண்ணீரில் நின்றிருந்த நீச்சல் பயிற்சியாளர் கையைப் பிடித்துக் கரைக்கு இழுத்தார். நாங்கள் கைதட்டினோம்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன்: "எங்க நீந்தப் பழகின?"

"எனக்கு நீந்தத் தெரியாது டீச்சர்."

"பின்ன ஏன் புள்ள குதிச்ச?"

"நீங்கதானே குதிக்கச் சொன்னீங்க."

அவள் முகத்தில் கோபம்கூட இல்லை.

சற்றுமுன் பள்ளி அதிபர் எனக்கு ஃபோன் எடுத்தார். நாளைக் காலைக் கூட்டத்தில் ஷர்மிளாவின் துணிச்சலைப் பாராட்டி நான் பேச வேண்டுமாம்.

"சரி சேர்" என்றேன்.