ஊதாப் பொட்டு

ஆர்.கே.புரம், புது டெல்லி
11-2-1979

அன்புள்ள உங்களுக்கு,

விசாலாக்ஷியின் நமஸ்காரம். நான் சௌக்கியம். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. பொங்கல் லீவில் வந்தபோது நீங்கள் மறந்துவிட்டுப் போன மஃப்ளர் இப்போது என் கழுத்தில்தான் இருக்கிறது. திருப்பிக் கேட்காதீர்கள்.

ஒரு பெரிய சமாசாரம். ஆகாயத்திலிருந்து விழுந்த கல்லுக்குள் அமினோ அமிலம் இருக்கிறதே, அத்தனை கதிர்வீச்சில் அடிபட்டும் அது எப்படி மிஞ்சியது என்பதுதானே என் ஆராய்ச்சி? கிளைசின் என்கிற அமினோ அமிலத்தைத் தண்ணீரில் கரைத்துக் காமா கதிரைப் பாய்ச்சினால் நொறுங்கிப் போகிறது. அதையே பனிக்கட்டியாக உறையவைத்து, விண்வெளி மாதிரி கடுங்குளிரில் வைத்துப் பாய்ச்சினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறது. இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும். நேற்று அந்த உறைந்த சரக்கைத் தாளில் ஓடவிட்டு, அமினோ அமிலத்தை ஊதாவாகக் காட்டும் மருந்தைத் தெளித்துச் சூடு காட்டினேன். கிளைசினின் ஊதாப் பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஊதாப் பொட்டு! செரீன் என்கிற வேறொரு அமினோ அமிலம். கதிர் உடைப்பது மட்டுமில்லை, புதிதாக உண்டாக்கவும் செய்கிறது என்று அர்த்தம். என் ப்ரொபசர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.

ஏப்ரலில் நடக்கும் பரிசீலனைக் கூட்டத்தில் ஆராய்ச்சியைத் தொடரச் சொன்னால் டெல்லி, நிறுத்தச் சொன்னால் வேலையை விட்டுவிட்டு மெட்ராஸ் என்று பேசிக்கொண்டோமே. எனக்குச் சந்தேகமே இல்லை, டெல்லிதான். கோபமா?

உங்கள்
விசாலம்

*

மாம்பலம், மெட்ராஸ்
19-2-1979

சௌ. விசாலத்துக்கு ஜம்பு அநேக ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை ஆபீஸில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். ஒருத்தனுக்கும் புரியவில்லை, ஆனாலும் காபி வாங்கிக் கொடு என்று பிடித்துக்கொண்டார்கள். கோபமெல்லாம் இல்லை. ஆபீஸ் என்னை இங்கே தூக்கிப் போட்டதிலிருந்து மெஸ் சாம்பாரைத் தின்று நாக்கு செத்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். சாயங்காலம் வந்து நானே பூட்டைத் திறக்கும்போதுதான் தாங்கவில்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று உன் ராஜினாமாவை டைப் அடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் கையெழுத்து மட்டும் போடு. மஃப்ளரை நீயே வைத்துக்கொள்.

ஜம்பு

*

ஆர்.கே.புரம்
2-3-1979

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். ராஜினாமாவை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டேன். சீக்கிரமே எடுக்க வேண்டி வருமோ என்னவோ.

அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்தேன். ஒவ்வொரு தடவையும் கிளைசின் இருக்கிறது, செரீனைக் காணோம். முதல் தாளில் மட்டும் எப்படி வந்தது என்று மண்டையைக் குடைந்துகொண்டேன். நான் இடுக்கியால் தவிரத் தாளைத் தொடமாட்டேன். ஆனால் பொங்கல் லீவில் நீங்கள் லேபுக்கு வந்தபோது, வெட்டி வைத்திருந்த தாளைக் கையில் எடுத்து, "இதென்ன விசாலம், அப்பளமா உலர்த்துகிறாய்?" என்று கேட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? விரல் வியர்வையிலும் செரீன் உண்டு.

இத்துடன் இரண்டு தாள் இருக்கிறது. கையைக் கழுவாமல், ஒன்றில் ஓரத்திலும் இன்னொன்றில் நடுவிலும் வலது கட்டைவிரலை அழுத்தி, அதே உறையில் போட்டு அனுப்புங்கள். எம்.ஏ. படித்த ஆபீசர் கைநாட்டு வைப்பதா என்று பிகு பண்ணாதீர்கள். ஜல்தி!

கூட்டம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் ப்ரொபசர். பொய்ப் பொட்டைக் காட்டிக் கிடைக்கிற டெல்லி எனக்கு வேண்டாம்.

விசாலம்

*

மாம்பலம்
9-3-1979

சௌ. விசாலத்துக்கு ஆசீர்வாதம்.

கைநாட்டு இரண்டும் இத்துடன். ஒன்று சொல்லிவிடுகிறேன். பொட்டு என் விரலால் வந்ததென்றால் நீ இங்கே வந்துவிடுவாய், எனக்கு லாபம்தான். அப்படியிருந்தும் நேற்று குழாயடியில் நின்று இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன். உன் பொட்டு உன்னுடையதாகவே இருக்கட்டும் என்றுதான். பிறகு, இவளிடம் இதெல்லாம் செல்லுமா, கண்டுபிடித்துக் காய்ச்சி எடுத்துவிடுவாளே என்று பயம் வந்துவிட்டது. இன்று மத்தியானம் வெயிலில் ஒரு சுற்றுச் சுற்றி, நன்றாக வியர்த்த பிறகு அழுத்தினேன்.

ஜெயித்து வா.

ஜம்பு

*

ஆர்.கே.புரம்
18-4-1979

அன்புள்ள உங்களுக்கு,

நமஸ்காரம். உங்கள் விரல்தான்! ஓரத்தில் வைத்த கைநாட்டைத் தாளில் ஓடவிட்டேன். செரீன் சொல்லி வைத்தாற்போல் அதே இடத்தில் வந்து நின்றது.

கூட்டத்தில் முதல் காரியமாக, "இந்தப் பொட்டுக்குக் காரணம் கதிர்வீச்சு இல்லை, என் அகத்துக்காரரின் கட்டைவிரல்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு பனிக்கட்டியில் கிளைசின் பிழைப்பதை ஒவ்வொரு தாளாகக் காட்டினேன். குடைந்து குடைந்து கேட்டார்கள், அதை யாராலும் அசைக்க முடியவில்லை. இன்னும் மூன்று வருஷம் தொடரச் சொல்லிவிட்டார்கள்.

அவ்வளவு சந்தோஷத்தோடு வந்து பூட்டைத் திறந்தேன். உள்ளே சொல்ல ஆளில்லை. அழுதுவிட்டேன்.

நடுவில் வைத்த கைநாட்டுக்கு மருந்து தெளித்தேன். ரேகை ரேகையாக, ஊதா நிறத்தில் உங்கள் விரல் எழுந்து வந்தது. மேஜைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். இந்தச் சாயம் ரொம்ப நாள் நிற்காது, வெளுத்துவிடும்.

அதனால் நீங்கள் எனக்காக டைப் அடித்த ராஜினாமாத் தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பின்பக்கத்தைப் பாருங்கள். டெல்லிக்கு மாற்றல் கேட்டு உங்கள் ஆபீஸுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். டைப் அடித்து, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இதற்குக் கைநாட்டு வேண்டாம்.

உங்கள்
விசாலம்