மூன்றாவது சுற்று

கொலெசானோ, 3 மே 1971

அன்பு நுன்சியா,

தூரினில் குளிர் விட்டதா? நாலு வரி எழுத உனக்குக் கை வராது, தெரியும்.

பழைய கார்ப் பந்தயக் கடிகாரங்களைச் சேர்க்கிற ஒருவர் ஜெனோவாவிலிருந்து வந்தார். நீ விட்டுப்போன, விநாடி முள் இரண்டு வைத்த ஸ்டாப்வாட்சைக் காட்டலாம் என்று பெட்டியைத் திறந்தேன். அடியில் உன் அண்ணனின் கடைசிப் பந்தயத்து நேரத்தாள், உன் கையெழுத்தில். வீத்தோவின் மூன்றாவது சுற்று: 40 நிமிஷம், 12 விநாடி. அந்தச் சுற்று முடியும் முன்பே உன் அண்ணன் பள்ளத்தில் விழுந்தார் என்றல்லவா பதினாறு வருஷமாகச் சொல்கிறார்கள்!

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. ஒவ்வொரு வருஷமும் பந்தயம் நம் தெரு வழியாகப் போகும் நாளில் அவர் காரில் நம் ஜன்னலைத் தாண்டிப் போகிறார். கார்ச் சத்தமே இருக்காது. ஒரு கையைத் தூக்கிக் காட்டுவார். பாதிரியாரிடம் சொன்னதற்கு, "ஒயினைக் கொஞ்சம் கொறச்சுக்கம்மா" என்றார்.

அன்றைக்கு மூன்றாவது சுற்றில் அவர் வந்ததை நீயும் பார்த்தாய்தானே?

உன் அண்ணி,
ஃபிலிப்பா

தூரின், 11 மே

அன்புள்ள அண்ணிக்கு,

நான் பார்க்கவில்லை.

அன்று எங்கள் அணியின் மூன்று கார்களுக்கு நான் நேரம் குறிக்க வேண்டும். நானோ பக்கத்தில் இருந்தவளின் புதுச் செருப்பைப் பற்றி அரட்டை அடித்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால், அண்ணன் வர வேண்டிய நேரம் தாண்டியிருந்தது. புழுதியில் கவனிக்காமல் விட்டேன் என்று நினைத்தேன். அப்படி விட்டுப்போனால் முந்தின சுற்றை ஒட்டி ஒரு நேரத்தை எழுதிவிடுவோம், எல்லாரும் செய்வதுதான். எழுதிவிட்டேன்.

மெக்கானிக் கத்தினார்: "வீத்தோ போயிட்டானா?"

"போயிட்டாரே, நாப்பது பன்னெண்டு."

"பாத்தியா, இல்ல சும்மா அடிச்சு விடுறியா?"

"ஏன், எனக்கென்ன கண்ணு பொட்டையா?"

நான் சொன்னதை நம்பி, அடுத்த சுற்றுக்கும் வராதபோதுதான் தேடப் போனார்கள். விழுந்ததும் அண்ணன் சாகவில்லை, அண்ணி. அரை மணிக்கு மேல் உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். உங்கள் முகத்தில் விழிக்க முடியாமல்தான் ஊரை விட்டே வந்தேன். மன்னித்துவிடுங்கள்.

நுன்சியா

கொலெசானோ, 2 ஜூன்

நுன்சியா,

ஸ்டாப்வாட்சை ஜெனோவாக்காரருக்குச் சும்மாவே கொடுத்துவிட்டேன். தாளை அடுப்பில் போட்டேன்.

நீ மறைத்ததில் எனக்குக் கோபமில்லை. சொன்னாயே, அதில்தான். அவர் வந்தாரா என்றுதான் கேட்டேன். எவ்வளவு நேரம் கிடந்தார் என்று கேட்டேனா? மனசில் இருந்ததை என் தலையில் இறக்கிவிட்டு, நீ இப்போது நிம்மதியாகத் தூங்குவாய்.

பந்தயம் முடிந்து இரண்டு வாரமாகிறது. இந்த வருஷம் அவர் ஜன்னலைத் தாண்டவில்லை. பள்ளத்திலிருந்து கூப்பிடுகிறார். பட்டப்பகலில், நான் பாத்திரம் கழுவும்போது, துணி உலர்த்தும்போது. என்னால் வேலை செய்ய முடியவில்லை.

இனி எனக்குக் கடிதம் போடாதே. கிளம்பி வா. அவர் கூப்பிடுவது என்னையல்ல, உன்னை.

ஃபிலிப்பா