சர்க்கரை போட்ட சமாதானம்

அனுப்புநர்
கிளாடிஸ் லன்யேரோ,
தலைவி, மகளிர் அமைதிக் குழு,
அபேரா கிராமம், கித்கும் மாவட்டம்,
வடக்கு உகாண்டா.

பெறுநர்
மாவட்ட ஆணையர் அவர்கள்,
கித்கும்.

பொருள்: உண்மை சொல்லப்படும் முன்பே சமாதானச் சடங்கை முடித்துவிட்டதாக அறிக்கை அனுப்பிய வெளிநாட்டு நல்லிணக்க நிறுவனத்தின் மீது புகார் – நாங்களே கூடுவது குறித்த அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கலகக்காரர்கள் 2003-ல் என் தம்பி ஒப்வோயாவையும் பக்கத்து ஊரான பாலுகாவைச் சேர்ந்த ஒகேனியையும் ஒன்றாகப் பிடித்துச் சென்றனர். ஒகேனி கையில் தடியைக் கொடுத்து என் தம்பியைக் கொல்ல வைத்தனர். ஒகேனி திரும்பி வந்தார். தம்பியின் உடல் வரவில்லை. அன்று முதல் இரண்டு ஊர்களும் ஒன்றாக உண்பதும் இல்லை, குடிப்பதும் இல்லை.

2. தாங்களும் எங்கள் அச்சோலி இனத்தவர். எங்கள் வழக்கத்தைத் தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் இம்மனு தலைநகர் வரை போகும் என்பதால் எழுதுகிறேன். கொன்றவர் முதலில் எல்லார் முன்பும் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிறகு ஈடு பேச வேண்டும். கடைசியில்தான் இரு தரப்பும் மண்டியிட்டு, ஒரே சுரைக்குடுவையில் கசப்பு வேர்ச் சாற்றைக் குடிக்க வேண்டும். குடித்த பின் அந்தச் சாவைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது.

3. மேற்படி நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் திரு. ஹென்ரிக் இந்த வரிசையைத் தலைகீழாக்கினார். நிதி கொடுக்கும் நாட்டிலிருந்து ஓர் அமைச்சர் 14.03.2019 அன்று இரண்டு மணி நேரம் மட்டும் வருகிறாராம். ஆகவே சடங்கு முதலில், உண்மை 'இரண்டாம் கட்டத்தில்' என்றார். "உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன், தேதிய மாத்த முடியாது" என்றார். தேதி யாருடையது, சாவு யாருடையது என்று நான் கேட்டேன். மொழிபெயர்ப்பாளர் அதை மொழிபெயர்க்கவில்லை.

4. சடங்கன்று பந்தலில் கட்டிய பலகையில் எங்களைக் 'கூட்டாளிகள்' என்று எழுதியிருந்தார்கள். கையெழுத்து வாங்கிய பதிவேட்டில் நாங்கள் 'பயனாளிகள்'. என் தம்பியின் சாவில் நான் என்ன பயன் கண்டேன் என்று யாராவது விளக்கினால் நலம்.

5. குடுவையில் வாய் வைத்தேன். இனித்தது! விருந்தாளியாக வந்த அமைச்சரும் ஒரு வாய் குடிப்பார், கசந்தால் முகம் சுளிப்பார் என்று சர்க்கரை கலந்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அங்கேயே துப்பினேன். என் எதிரே மண்டியிட்டிருந்த ஒகேனியும் துப்பினார். அப்போது நிறுவனத்தார் எடுத்த படம்தான் இப்போது அவர்களின் ஆண்டறிக்கை அட்டையில் 'கண்ணீருடன் கைகுலுக்கிய இரு ஊர்கள்' என்ற தலைப்பில் வந்திருக்கிறது. நாங்கள் கை குலுக்கவே இல்லை.

6. கடந்த மாதம் ஒகேனி சந்தையில் என்னை நிறுத்தினார். "லன்யேரோ, உன் தம்பி எங்க கிடக்கான்னு எனக்குத் தெரியும். கூட்டத்தக் கூட்டு, காட்டிடுறேன். அந்தக் கேமராக்காரனுங்க மட்டும் வேணாம்" என்றார். பதினாறு வருடமாக இந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். இரவு முழுதும் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

7. இதை அறிந்த நிறுவனம் எனக்குக் கடிதம் அனுப்பியது. இவ்விரு ஊர்களில் சடங்கு நிறைவேறிவிட்டதாம், இனி எந்தக் கூட்டமும் அவர்கள் ஒப்புதலுடன்தான் நடக்க வேண்டுமாம். ஐயா, இனிப்புக் குடித்தால் அது விருந்து, சடங்கு அல்ல. எங்கள் வாய் இன்னும் கட்டப்படவில்லை. நாங்கள் கேட்போம், அவர் சொல்வார்.

8. அவர்கள் உதவியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் போட்ட ஆழ்குழாய்க் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறோம். ஆனால் இனி வருவதானால் திட்டம் எழுதும் முன்பு எங்களோடு உட்கார வேண்டும், எங்களைப் பற்றிய அறிக்கை கடல் தாண்டும் முன்பு எங்கள் மொழியில் எங்களுக்கு வாசிக்கப்பட வேண்டும். சரியில்லை என்றால் போய் வாருங்கள் என்று சொல்லும் உரிமையும் எங்களுக்கு வேண்டும். இதை ஒப்பந்தத்தில் எழுதித் தராத எந்த நிறுவனத்தையும் இவ்விரு ஊர்களுக்குள் தாங்கள் அனுமதிக்கக் கூடாது. அந்த அறிக்கையையும் திரும்பப் பெறச் செய்ய வேண்டும்.

9. வருகிற 11.05.2019 சனிக்கிழமை காலை, இரண்டு ஊர்களும் ஓடைக்கு அப்பால் கூடுகிறோம். அனுமதி கேட்டு இதை எழுதவில்லை, தெரிவித்துக்கொள்கிறேன். ஒகேனி முன்னால் நடப்பார், நாங்கள் பின்னால் போவோம். தாங்களும் அவசியம் வர வேண்டும். நாற்காலி போட மாட்டோம். வரும்போது ஒரு மண்வெட்டி கொண்டு வரவும், எங்களிடம் இரண்டுதான் இருக்கின்றன.

இடம்: அபேரா
நாள்: 02.05.2019

இப்படிக்கு,
ஒப்வோயாவின் அக்கா,
(ஒப்பம்) கிளாடிஸ் லன்யேரோ