என் வீட்டு வாசலில் உபால்தோவின் கார்

மார்ச் 4, செவ்வாய்

டயாலிசிஸ் முடிந்து வந்தால் மறுபடியும் அதே கூத்து. மூலையில் உணவகம் திறந்ததிலிருந்து தெரு முழுக்க வெளியாட்களின் கார்கள். நம் இடம் என்று வைத்துவிட்டுப் போயிருந்த சிமெண்ட் வாளியை எவனோ ஓரமாகத் தள்ளிவிட்டு நிறுத்தியிருக்கிறான். என் கணவர் ரனுல்ஃபோவை இரண்டு தெரு தள்ளி இறக்கித் தாங்கிக்கொண்டு நடந்தேன். பாவம், வழியில் மூன்று முறை உட்கார்ந்தார்.

மாலையில் எதிர்வீட்டு ஹோர்தென்சியா கையெழுத்துத் தாளோடு வந்தாள். நம் தெருவிலும் பார்க்கிங் மெஷின் வைக்கச் சொல்லி மனுவாம். "வர்றவன் போறவன் காசு போடட்டும். கார் ஷெட் இல்லாத வீட்டுக்காரங்களுக்கு இனாம்டி. பெர்மிட் ஒட்டிட்டா உன் புருஷனை வாசல்லயே இறக்கலாம்" என்றாள். என் மகள் இட்செலுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் அவள். அவள் சொன்னால் நான் யோசிப்பதில்லை.

மார்ச் 15, சனி

கடைசி வீடும் கையெழுத்துப் போட்டாயிற்று. பாதிப் பேர் எனக்காகத்தான் போட்டார்கள். இந்தத் தெருவில் நான் முடி வெட்டாத தலை ஏது?

மார்ச் 26, புதன்

நாளை பெர்மிட்டுக்காக வீடுகளைப் பார்க்க ஆய்வாளர் வருகிறாராம். எனக்கு ஆஸ்பத்திரி. "நீ போ, நான் இருந்து சொல்லிக்கறேன்" என்றாள் ஹோர்தென்சியா. எவ்வளவு நிம்மதி!

ஏப்ரல் 2, புதன்

பெர்மிட் இல்லை. பார்க்கிங் அலுவலகத்துக்கே போய்க் கேட்டேன்.

"உங்க வீட்ல கார் ஷெட் இருக்கும்மா. ஷெட் இருந்தா பெர்மிட் கிடையாது."

"ஐயா, அது என் பார்லர். இட்செல் பிறக்கறதுக்கு முன்னாடியிருந்து பார்லர்தான். தலை அலசற தொட்டி இருக்கு, வந்து பாருங்க."

"ஷட்டர் இருக்கா இல்லையா? பார்த்துட்டுத்தான் எழுதியிருக்காங்க."

இந்த மெக்ஸிகோ நகரத்தில் பாதி ஷெட்டுகளில் கடைதானே இருக்கிறது! தெருவில் மெஷின்கள் வந்தாயிற்று. இனி நானும் வெளியாள் மாதிரி மணிக்கணக்குக்குக் காசு போட வேண்டும். ஒரு தலை முடிப்பதற்குள் இரண்டு முறை ஓட வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

ஹோர்தென்சியா அவரைக்காய்க் கூட்டும் சுடச்சுடத் தோர்த்தியா சோள ரொட்டியும் கொண்டு வந்தாள். "அவனுங்க உருப்படுவானுங்களா!" என்று அதிகாரிகளைத் திட்டினாள். அவள் தோளில் சாய்ந்து அழுதேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

இதை எழுதியே ஆக வேண்டும்.

ஹோர்தென்சியாவின் மகன் உபால்தோவின் சிவப்புக் கார் காலையிலிருந்து என் ஷட்டருக்கு நேர் எதிரே நிற்கிறது. கண்ணாடியில் புது பெர்மிட். மெஷின் வருவதற்கு முன் இங்கே துணியை ஆட்டி ஆட்டிக் கார் நிறுத்த உதவிக்கொண்டிருந்த ஃபிலெமோன் வாசலில் வந்து தயங்கினான்.

"அக்கா, சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆய்வாளர் உங்க வீட்டைத் தாண்டிப் போயிட்டாரு. அந்தம்மாதான் கூப்பிட்டு உங்க ஷட்டரைக் காட்டுச்சு. 'இது ஷெட்டுங்க, கார் உள்ள போகும்'னுச்சு."

தெருவுக்கு இத்தனை பெர்மிட் என்று கணக்கு. ஒன்று குறைந்தால்தான் உபால்தோவுக்கு ஒன்று.

அடிப்பாவி. என் கண்ணீரைத் துடைச்சியே, அந்தக் கையாலதானே காட்டின?

ஏப்ரல் 12, சனி

நேரே போய்க் கேட்டேன். மறுக்கவில்லை. "பொய்யா சொன்னேன்? ஷெட்டுதானே அது! உன் புருஷன் வாரத்துல மூணு நாள்தான் போறாரு. என் பையன் தினமும் வேலைக்குப் போறான்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட விட்டிருப்பேனோ? தெரியவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஷெட் என்றால் ஷெட்டாகவே இருக்கட்டும். தொட்டியைப் பெயர்த்தாயிற்று. நாற்காலி கூடத்துக்குப் போயிற்று. கார் உள்ளே நுழைகிறது, பக்கக் கண்ணாடிகளை மடக்கினால்.

பிறகு அதே அலுவலகம். "ஷெட் வாசலை மறிச்சு யாரும் நிறுத்தக் கூடாதில்ல?"

"கூடாதும்மா. பெர்மிட் இருந்தாலும் கூடாது."

"அப்ப வந்து மஞ்சள் கோடு போடுங்க."

ஏப்ரல் 30, புதன்

மஞ்சள் கோடு போட்டார்கள். உபால்தோ பார்த்துக்கொண்டே நின்றான்.

மே 10, சனி

அன்னையர் தினம். உபால்தோ கேக்கோடு வந்து, ஐந்து நிமிடம்தானே என்று மஞ்சள் கோட்டின் மேலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனான். நான் யாரையும் கூப்பிடவில்லை, சத்தியமாக. இழுவை வண்டி தானாகத்தான் வந்தது.

ஹோர்தென்சியா செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தாள். வண்டியோடு வந்த காவலர் நல்ல மனிதர். என் பக்கம் திரும்பினார். "உங்க வாசல்தானேம்மா? தெரிஞ்சவங்க வண்டின்னா சொல்லுங்க, விட்டுடறேன்."

உபால்தோவுக்கு முதல் முடி வெட்டியது நான். ஹோர்தென்சியா என்னையே பார்த்தாள்.

"யாருன்னே தெரியாதுங்க" என்றேன்.

காரை இழுத்துப் போனார்கள். சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

இட்செல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானத்தாய்க்கென்று வாங்கிய பூங்கொத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். போகாதே என்று நான் சொல்லவில்லை.