லேபிளில் என் பேர்

12.8.83, வெள்ளி

ராமலிங்கத்தின் தாது விருத்தி லேகியத்தை எங்கள் கல்லூரியில் ஆண் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, உள்ளதை எழுதிக் கொடுத்திருந்தேன். இணைசேரும் வேகம் கூடுகிறது. ஆனால் ஈரல் கெடுகிறது, மனிதருக்கு வேண்டாம்.

இன்று சிம்மக்கல்லில் அவன் வைத்தியசாலைக்குப் போனேன். பாட்டில்களில் புது லேபிள்: 'சோதனையில் நிரூபிக்கப்பட்டது'. கீழே என் பெயர், பட்டத்தோடு. ஈரலைப் பற்றி ஒரு வரி இல்லை.

கேட்டதற்குச் சிரித்தான். "எலிக்கும் மனுசனுக்கும் எம்புட்டு வித்தியாசம் இருக்கு மாப்ள! ஈரலச் சொல்லி எதுக்குப் பயமுறுத்தணும்?"

வேகத்துக்கு மட்டும் எலியும் மனிதனும் ஒன்று போலிருக்கிறது. இவன் பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்.

வீட்டுக்கு வந்தால் தம்பியின் அலமாரியில் அதே பாட்டில், முக்கால்வாசி காலி. வைகாசியில் கல்யாணமானவன். ஆடிக்குப் பெண்டாட்டி மேலூரில் தாய் வீட்டில் இருக்கிறாள்.

"ஆவணியில அவ வந்துருவால்லண்ணே. அதான் ஆடி பொறந்ததுலருந்து சாப்பிடுறேன்," என்றான், தலையைக் குனிந்துகொண்டு. "வேற எவன் பேரு போட்டிருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்."

அவன் முகத்தை நிமிர்த்திக் கண்களைப் பார்த்தேன். குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லாமே மஞ்சளாகத்தான் தெரிகிறது. விடிந்ததும் வாசலில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.